ஆலிவ் மரத்துச் சிட்டும் வெள்ளைக் கைக்குட்டையும்

சாக்கா பள்ளத்தாக்கு,
செப்டம்பர் கடைசி.

என் மகள் நிமியாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அண்ணன் எலியோவும் அண்ணி ஓர்ஃபெலினாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குக் குறைவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தத் தெற்குக் குளிரில் இருமல் காய்ச்சல் அண்டாமல் இருக்க லாஸ் பெஞாஸ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டிருக்கிறேன். பேத்தி அய்லின் பள்ளிக்கூட விழாவில் குவெக்கா ஆடிப் பரிசு வாங்கியதைக் கடைக்காரி முதல் பஸ் டிரைவர் வரைக்கும் சொல்லியாயிற்று, இந்தப் பள்ளத்தாக்கில் அது தெரியாதவர்கள் கல்லறையில் இருப்பவர்கள்தான். அவள் ஆட்டம் என்னிடமிருந்து வந்தது, உன் மாமியார் வீட்டில் யாரும் அப்படிக் கால் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் நிமியா, நீ மீன் ஃபாக்டரி அங்கியோடு நிற்கிற போட்டோவில் உன் முகம் ஏனடி அப்படி மஞ்சளடித்துக் கிடக்கிறது? போன கடிதத்திலேயே கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். ஒரு வரியில் முடிக்கிறவள் இல்லை நீ. அதிலிருந்து அந்தப் போட்டோவைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

இங்கே வீட்டிலும் ஒரு இழுபறி. தக்காளி வயலை ஒட்டிய ஆலிவ் மரத்தில், என் தலைக்கு எட்டுகிற கிளையில், ஒரு ரீங்காரச் சிட்டு கூடு கட்டியிருக்கிறது. பஞ்சும் சிலந்தி நூலுமாக, பாதி எலுமிச்சை மூடி அளவுதான் இருக்கும். இரண்டு குஞ்சுகள், இன்னும் கண் திறக்கவில்லை. அதே சமயம் தக்காளியில் வெள்ளை ஈ இறங்கிவிட்டது, இலையைத் தட்டினால் மாவு பறக்கிற மாதிரி பறக்கிறது. மருந்து அடித்தே ஆகவேண்டும் என்கிறான் எலியோ. அடித்தால் சாயங்காலக் காற்று புகையை நேரே அந்தக் கிளைக்குத்தான் கொண்டுபோகும். நான் வேண்டாம் என்றேன். அது அரிக்கா சிட்டு, உலகத்திலேயே இந்த இரண்டு மூன்று பள்ளத்தாக்கில்தான் மிஞ்சியிருக்கிறது, அதைக் கொன்றுவிட்டு நாம் சாப்பிடுகிற தக்காளி செரிக்காது என்றேன். அதற்கு அவன், "அம்மா, அது கோரா சிட்டு. வேலிக்கு வேலி அதுதான் திரியுது. அரிக்கா சிட்டுன்னு தெரிஞ்சா நான் மருந்து டப்பாவையே தொடமாட்டேன். கோரான்னா திங்கக்கிழமை அடிச்சிடுவேன்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டான்.

உனக்கு நினைவிருக்கும், ஆண் பறவையாக இருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. கோராவின் ஆணுக்கு வெள்ளை வால் உடம்பை விட நீளமாகத் தொங்கும். அரிக்காவின் ஆணுக்கு வால் சின்ன கவைதான், பூவுக்கு வந்தால் பார்ப்பதற்கு முன்னால் காதில் விழும், வண்டு மாதிரி முரலும். ஆனால் இந்த ஆண்கள் கூட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஜாதி இல்லை, உன் சித்தப்பா மாதிரி. பெட்டையை வைத்துத்தான் சொல்லியாக வேண்டும். பெட்டைகள் இரண்டும் ஒரே அச்சு, மார்பு மட்டும்தான் வித்தியாசம். கோராவுக்கு வெள்ளை, அரிக்காவுக்குப் பால் விட்ட தேநீர் நிறம். அந்த மார்பையோ அது கூட்டுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பறக்கிறபோது பார்க்கலாம் என்றால் கண் இமைப்பதற்குள் சாஞார் மரத்துப் பூவுக்குப் போய்விடுகிறது. நான் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் காலையெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தேநீர் நிறம்தான், சந்தேகமே இல்லை. ஓர்ஃபெலினா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு வெளுப்பாகத்தான் தெரிகிறது என்றாள். எலியோ வெயிலுக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு அவளோடு சேர்ந்துகொண்டான். நீங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்து இந்தச் சிட்டுகளைப் பார்க்கிறவள் நான் என்றேன். யார் கேட்டார்கள்?

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. துணிக்கடையில் வெள்ளையா என்று தெரியாவிட்டால் பக்கத்தில் இன்னொரு வெள்ளையை வைத்துப் பார்ப்போம் இல்லையா. சிட்டு கூட்டில் இறங்குவதற்கு முன்னால் எதிரே ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டிவிட்டால் மார்பு என்ன நிறம் என்று துணியே சொல்லிவிடும். ஓர்ஃபெலினாவிடம் நல்ல வெள்ளையாக ஒரு துணி கேட்டேன். அவள் என் மேலங்கிப் பையிலிருந்து நீ அனுப்பிய கைக்குட்டையை உருவினாள்.

"இதான் கையிலயே இருக்கே, அத்தை."

"அது வெண்ணெய் நிறம்டி, நான் கேட்டது வெள்ளை."

சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. "அத்தை, இது சுண்ணாம்பாட்டம் வெள்ளை" என்றாள் மெதுவாக.

அதையே கட்டச் சொன்னேன். எலியோவும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, வெயிலை முதுகுக்கு வாங்கி என் பக்கத்தில் நின்றான். சிட்டு முதலில் துணிக்குப் பயந்து ஒதுங்கியது, பிறகு குஞ்சுகளின் பசி இழுத்தது, வந்து நின்றது. என் கண்ணுக்குக் கைக்குட்டை வெண்ணெய். சிட்டின் மார்பு அதைவிட ஒரு சாயம் கூட. எலியோ, "தேநீர்தான் மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆலிவ் மரத்துப் பக்கத்து வரிசைகளை விட்டுவிட்டுத் தூரத்து வரிசைகளுக்கு மட்டும் மருந்து அடித்தான். விட்ட வரிசைகள் இப்போது சுருண்டு கறுத்துவிட்டன. வாய் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, போகிறபோதும் வருகிறபோதும் அந்தச் செடிகளைப் பார்க்காமல் போகிறான். திட்டினால் தேவலை. குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருக்கிறது, பறக்க இன்னும் நாளாகும். அதுவரை வெள்ளை ஈ மற்ற வரிசைக்குத் தாவாமல் இருக்கவேண்டும் என்று தினமும் கிடந்து தவிக்கிறேன்.

வெள்ளை எனக்கு வெண்ணெயாகத் தெரிகிற இந்தக் கண் விஷயத்தை எழுதுவதாக இல்லை. நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன் என்று உன் அண்ணி மிரட்டுகிறாள், அதனால் எழுதுகிறேன். அரிக்கா நகரத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டுவதாகச் சொல்கிறார்கள், குஞ்சுகள் பறக்கட்டும் என்றிருக்கிறேன். வரிகள் கோணலாக ஏறுவது கண்ணால் இல்லை, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கை அப்போதிலிருந்தே அப்படித்தான்.

கைக்குட்டையை அவிழ்த்து வந்து உன் போட்டோவுக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தேன். அங்கியும் அதுவும் ஒரே நிறம், ஆகவே அங்கி வெள்ளை. உன் முகத்துக்குப் பக்கத்தில் எதை வைத்துப் பார்ப்பேன், நிமியா? போட்டோவை ஓர்ஃபெலினாவிடம் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நன்றாகத்தான் இருக்கிறாய் என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் ஏன் ஆனது?

மாதா உன் வீட்டு வாசலில் காவல் இருக்கட்டும், பேத்தியின் காலில் சுளுக்கு வராமல் பார்த்துக்கொள்ளட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசி. கம்பளிக் காலுறை இல்லாமல் ஃபாக்டரிக்குப் போகாதே. மஞ்சளா இல்லையா, அதை மட்டும் உண்மையாக எழுது. முடிந்தால் எழுதாதே, வா. பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
எவுதோசியா மாமானி