பாஸுக்கு எடுத்த போட்டோ

என் மாப்ள இசக்கிக்கு,

பைக்கில் கிளம்பப்போகிறோம் என்று நாம் ஆரம்பித்த பேஜில் இன்னமும் "பயணம் எப்போ ப்ரோ?" என்று கேட்கிறார்கள். நீ இல்லை என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அங்கேயே போடுகிறேன், படிக்கட்டும்.

நண்பர்கள் பைக் எடுத்துக்கொண்டு புது வாழ்க்கை தேடிப் போகிற படம் எந்த மொழியில் வந்தாலும் நாம் விட்டதில்லை. தறி ஷெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆளுக்கொரு காதில் இயர்போன். "ஏலே, இவனுவளுக்கெல்லாம் அம்மாவே கெடையாதா?" என்று ஒருநாள் கேட்டாய். சிரித்தே செத்தேன்.

கடைசியில் பனிமலையில் 'பாஸ்' என்று ஒரு வார்த்தை வரும். அது வந்ததும் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். பஸ் பாஸ் மாதிரி ஏதோ அனுமதிச் சீட்டு என்றே நினைத்தோம். தெரிந்த வார்த்தையை யார் கூகுளில் தேடுவார்?

"மறிச்சா என்னத்தக் காட்டுவ? பாஸ் எடுத்துட்டே கெளம்புவோம் மாப்ள" என்று போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனாய். எந்த ஆபீஸில் கொடுப்பார்கள் என்று அலைந்ததிலேயே, நாம் கிளம்ப நினைத்த ஆடித்தபசுத் திருவிழா போய்விட்டது. அப்புறம் உனக்கு மஞ்சள் காமாலை.

நீ தனியாக இருக்கிற போட்டோ அது ஒன்றுதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அதைத்தான் போட்டார்கள்.

அதற்கப்புறம்தான் கமெண்டில் ஒருத்தன் சொன்னான், பாஸ் என்றால் கணவாய், மலைக்கு நடுவில் போகிற வழி என்று. அதற்கு எதுக்கு மாப்ள போட்டோ? நினைத்த அன்றைக்கே கிளம்பியிருந்தால்? காமாலை அங்கேயும் வந்திருக்குமோ?

படங்களில் மிச்சமிருக்கிறவன் சாம்பலை மலையில் கொண்டுபோய்த் தூவுவான். உங்க அம்மாவிடம் ஒரு பிடி கேட்டேன். புளி கரைத்துக்கொண்டிருந்தார்கள். கையைக்கூட எடுக்கவில்லை.

"ஏலே கோமதி, அவன் இருக்கும்போதே அனுப்பிருக்க மாட்டேன். இப்பயா அனுப்புவேன்? பாவநாசத்துல ஆத்தோட விட்டாச்சு. நீ ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன்.

உங்க தாத்தா ஐம்பதுகளில் வாங்கிய, நாம் கிளம்ப வைத்திருந்த மோட்டார் சைக்கிள் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. உன் தறியில் இப்போது நான் நிற்கிறேன். "பழகின பயதான, நில்லு" என்றார் முதலாளி அண்ணாச்சி. அந்தச் சத்தத்தில் இயர்போன் எதற்கும் ஆகாது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லுகிறேன். உன்னை விட்டுவிட்டு நான் கிளம்பமாட்டேன். படம் பார்ப்பேன், அதை விட முடியாது. ஆனால் அவர்கள் வண்டியை உதைத்துக் கிளப்பும்போதே நிறுத்திவிடுவேன்.

எங்கேயும் போகாத
உன் மாப்ள,
கோமதிநாயகம்