கையைத் தூக்கினால் இறக்கிவிடுவார்

மார்ச் 2
அப்பா பூங்காவில் ராட்சத ராட்டினம் ஓட்டுகிறார். அம்மா அங்கேயே டிக்கெட் கொடுக்கிறாள். நான் ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. பத்து வயது ஆகாமல் தனியாக ஏறக்கூடாதாம். கூட வர இவர்களுக்கு நேரமில்லையாம். வகுப்பில் சொன்னால் யார் நம்புவார்கள்? மானமே போகிறது.

மார்ச் 5
நாளை மறுநாள் எனக்குப் பத்து. என்ன வேண்டும் என்று அப்பா கேட்டார்.
"உச்சில நிறுத்தணும். ஆசை தீர்ற வரைக்கும் இறக்கக் கூடாது."
"தீந்துச்சுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"
"கையைத் தூக்குவேன்."
"உத்தரவுங்க மேடம்" என்றார்.

மார்ச் 7
ஐயோ.

மார்ச் 8
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. விரல் வலி.

ஏறும்போது ராணி மாதிரிதான் ஏறினேன். உச்சிக்குப் போனதும் பெட்டி ஓர் ஆட்டம் ஆடியது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா சொன்ன சொல் தவறாமல் நிறுத்திவிட்டார். அப்புறம்தான் உறைத்தது — கம்பியை விட்டால்தானே கையைத் தூக்க முடியும்? எந்த மடச்சி செய்த ஏற்பாடு இது? நான்தான்.

கத்த வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. கீழே அப்பா இடுப்பில் கைவைத்து, வரிசையில் நின்றவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். டிக்கெட் அறையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அப்போது நடந்த சண்டையை வீட்டில் சொன்னார்கள்.
"இறக்குங்க அவளை."
"கையே தூக்கலையே. ரசிச்சிட்டிருக்கா."
"தூங்கும்போதுகூட காலை ஆட்டுறவ, பொம்மை மாதிரி உக்காந்திருக்கா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

பெட்டி கீழே வந்ததும் என் விரல்களைக் கம்பியிலிருந்து அப்பா ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். எப்படி இருந்தது என்றார். சூப்பர் என்றேன். பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

மார்ச் 10
வகுப்பிலும் சூப்பர் என்றே சொல்லியிருக்கிறேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

மார்ச் 13
திரும்ப ஏற வேண்டும் போலவே இருக்கிறது. தனியாக மட்டும் முடியாது. அப்பா கூட வந்தால் ஏறுவேன் என்றேன். அப்பா தண்ணீர் குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார்.
அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்கப்பா இத்தனை வருஷத்துல ஒரு தடவ ஏறியிருப்பாரா கேளு. நம்ம வீட்ல ஸ்டூல் போட்டு பல்பு மாத்துறதே நான்தான்."

மார்ச் 16
பூங்கா திறக்கும் முன்பே போனோம். ராட்டினம் ஓட்ட அம்மாவுக்கும் தெரியும். அப்பா எனக்காக ஏறினார். மேலே போகப் போகக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "கடவுளே, கடவுளே" என்றார். என் கையை நசுக்கிவிட்டார். எனக்கும் பயம்தான். ஆனால் இரண்டு பேரும் பயந்தால் எப்படி?
"பயப்படாதீங்கப்பா" என்றேன். "கீழ அம்மா இருக்கா."