கல்வேலியில் நாலடி

சேசு மரி சூசை

நெடுந்தீவு கிழக்கு,
16.3.75

அன்பு மகள் ஞானசவுந்தரிக்கு அப்பு எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமோ என்றுதான் நான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன். இந்தமுறை அப்படி எழுதினால் ஆண்டவருக்கே சிரிப்பு வரும், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். உன்னைப் பெற்ற கொம்மாவுக்கு வலது பக்கம் சுகம், இடது பக்கம் ஓகஸ்டில் வாதம் இழுத்துப்போட்டது போட்டபடிதான். எனக்கு இரண்டு பக்கமும் சுகம், கல்லுத் தூக்கினதில் இடுப்பு மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. அறுபத்தேழு வயதில் இந்த மனுசன் ஏன் கல்லுத் தூக்கினான் என்று நீ கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முதல் ஒன்று, அங்கே குளிர் எலும்புக்குள் போகிறது என்று எழுதியிருந்தாய், காலுக்கு இரண்டு மேசு போட்டுக்கொண்டு வேலைக்குப் போ, தலைமயிர் காயாமல் வெளிக்கிடாதே. நோயாளிகளைப் பார்க்கிற நேர்ஸ் தானே நோயாளியாகப் படுத்தால் லண்டன் ஆசுபத்திரியில் உன்னை யார் பார்ப்பது.

உன் தை மாதக் கடிதம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிமார் நடத்துகிற இல்லத்தில் ஒரு கட்டில் இருக்கிறது, உயிர்த்த ஞாயிறுக்கு முன் மறுமொழி சொன்னால் கொம்மாவை அங்கே ஏற்பார்கள், அப்பு நீங்கள் தனியாய் எத்தனை நாளைக்குத் தூக்கிப் பறிப்பியள் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான், கோபிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நான் அதற்குச் சம்மதித்து மறுமொழியும் எழுதிவிட்டேன். முத்திரையும் ஒட்டியாகிவிட்டது. அந்தக் கடிதம் உனக்கு வந்து சேரவில்லை, ஏனென்றால் நான் அதைத் தபாலில் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை ஒழுங்காகச் சொல்லுகிறேன், நீயும் உன் தாயைப்போல நடுவில் குறுக்கே விழாமல் வாசி.

கொம்மாவைத் தள்ளுகதிரையில் கொண்டுதிரிய வீட்டை மாற்றவென்று நான் கேட்க, நீ கார்த்திகையில் கீறி அனுப்பிய படத்தை, அவள் விழும்வரைக்கும் நான் கடலில் லோஞ்சு ஓட்டின காலத்தில் கடல் வரைபடத்தை வைத்துப் பார்த்ததுபோல மேசையில் விரித்து நாலு மூலைக்கும் கல்லு வைத்துப் படித்தேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி சரிவு, கதவு மூன்றடி அகலம், கைபிடி இடுப்பளவு, எல்லாம் மனப்பாடம். நம்முடைய வீட்டுத் தளம் நிலத்திலிருந்து இரண்டடி. கட்டுகிற காலத்தில் ஒன்றரை அடி காணும் என்று கொம்மா சொன்னாள். பக்கத்து வளவு இராயப்பு ஒன்றரை அடிக்குக் கட்டியிருந்தபடியால் நான் இரண்டடிக்குக் கட்டினேன். அந்த அரை அடி எடுப்புக்கு இப்போது ஆறடி சரிவு கூடப் போடவேண்டி வந்தது, முழங்காலில் நின்று சீமெந்து பூசும்போது ஒவ்வோர் அடியிலும் அது ஞாபகத்துக்கு வந்தது. மேசன் பிலிப்பு வந்தான், சீமெந்து குறிகட்டுவான் துறையிலிருந்து லோஞ்சில் வந்தது, இரண்டு பையில் உப்புத்தண்ணி பட்டுக் கட்டியாகிவிட்டது. முன்வாசலிலிருந்து வீதிப் படலை வரைக்கும் இருபத்துநாலடிக்கு நல்ல சிவப்புச் சீமெந்தில் சரிவு போட்டு, முகம் தெரிகிறமாதிரி மினுக்கி, பழைய லோஞ்சு ஒன்றின் இரும்புக் குழாயைக் கைபிடியாக நட்டோம். என்னுடைய கைபோட்ட கதிரைக்குச் சைக்கிள் சில்லு இரண்டு பூட்டி, முன்னுக்குச் சின்னச் சில்லு ஒன்று வைத்து நானே தள்ளுகதிரை செய்தேன். கொம்மாவின் கட்டிலை அறையிலிருந்து எடுத்து ஹோலில் திரு இருதயப் படத்துக்கு நேரே போட்டேன், வருகிற போகிறவர்களோடு கதைத்துக்கொண்டிருக்கலாம் என்றுதான். பாலன் பிறந்த நத்தாருக்கு முதற்கிழமை பங்குச் சுவாமி வந்து சரிவுக்குத் தீர்த்தம் தெளித்தார். ஊர்ச்சனமெல்லாம் வந்து வாய்பிளந்து பார்த்தது. யாகப்பு அண்ணை லண்டன் வீடு மாதிரியெல்லோ கட்டிப்போட்டார் என்று சொன்னார்கள். எனக்கு வந்த சந்தோசத்தை, புழுகத்தைக் கேட்காதே.

கொம்மாவைத்தான் நான் கேட்கவில்லை. நத்தார்ப் பூசைக்குத் தள்ளிக்கொண்டு போனேன், மினுக்கின சீமெந்தில் பனி விழுந்து சில்லு வழுக்கி, நாலு ஆம்பிளைகள் பிடித்து இறக்கினார்கள். அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். திரும்பி வந்ததும் காணும் என்று ஒரு சொல்லுச் சொன்னாள், அதோடு சரி. வருகிற ஒவ்வொருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, ஐயோ பிலோமினம்மா எப்படி இருந்த மனுசி என்று மூக்கைச் சிந்த, அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். நோய் கண்டது காலிலும் கையிலும்தான், நாக்கில் இல்லை, உனக்குத் தெரியும் அந்த நாக்கு. அது தை முழுக்க நாலு சொல்லுக்கு மேல் பேசவில்லை. சாப்பாடும் குறைந்துகொண்டு வந்தது. தவசுகாலம் தொடங்கினபோது ஒரு நேரம் மட்டும் கஞ்சி குடித்தாள். நான் மடையன், அவள் ஒருசந்தி விரதம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். இந்த வருத்தத்திலும் என்ரை மனுசி தவசுகால ஒருசந்தி விடவில்லை என்று கோயில் வாசலில் நின்று நாலு பேருக்குப் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். சுவாமி அதைக் கேட்டு வீட்டுக்கே வந்து, வருத்தக்காரருக்கு ஒருசந்தி கடமையில்லை அம்மா, சாப்பிடுங்கோ என்றார். அவள் அவரைப் பார்த்து, நான் ஆண்டவருக்காகப் பட்டினி கிடக்கேல்லைச் சுவாமி, எனக்கு இறங்கேல்லை, அவ்வளவுதான் என்றாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல இருந்தது. அன்று பின்னேரம்தான் உனக்குச் சம்மதக் கடிதம் எழுதினேன். என்னால் ஏலாது மகளே, கன்னியாஸ்திரிமாராவது சாப்பிடவைக்கட்டும் என்று எழுதினேன்.

அடுத்தநாள் காலமை, தபால் கந்தோருக்குப் போகமுன் உலைக்கு விறகெடுக்கக் குசினிக்குப் பின்னால் போனேன். அப்போது கல்வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குரல், அக்கா, அடுப்பு மூட்டியாச்சோ, என்ன கறி இண்டைக்கு என்று கேட்கிறது. இராயப்புவின் மனுசி அன்னமுத்து. நான் விறகை நிலத்தில் வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். கொஞ்சநேரம் பொறுத்து, சரியக்கா, நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஒருவரும் இல்லாத வேலியோடு அவள் கதைத்துவிட்டுப் போகிறாள் பிள்ளை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் வேலியோடு ஒட்டித் தட்டையான கல்லு ஒன்று கிடக்கிறது. நான் போட்ட கல்லு இல்லை. மேற்பக்கம் இரண்டு பாதம் வைக்கிற இடத்தில் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லவேண்டும், நான் இதுவரை எழுதாதது. நீ கப்பலேறினபோது அந்தக் கல்வேலியில் ஓர் ஆள் போகிற கடவை இருந்தது, அதால்தான் நீயும் அவர்கள் வீட்டுக்கு ஓடித்திரிந்தாய். நாலு வருஷத்துக்கு முதல் இராயப்புவின் நாம்பன் மாடு அதால் வந்து, நான் மழைக்கு வைத்த பத்துத் தென்னம்பிள்ளையில் ஏழைத் தின்றுபோட்டுது. கேட்கப் போனால், மாடெண்டால் தின்னும்தானே அண்ணை, உங்கடை கடவையை நீங்கள் அடைச்சு வையுங்கோவன் என்றான். எனக்குக் கொதி தலைக்கேறி, அன்று பின்னேரமே முருகைக்கல்லை அடுக்கி ஆளுயரத்துக்கு அடைத்தேன். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கோயிலில்கூட முகம் பார்ப்பதில்லை. பெண்டுகளும் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்க் கொம்மாவிடம் அந்தக் கல்லு என்ன கல்லு என்று கேட்டேன். அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள், நாலு வருஷமா அதிலை ஏறி நிண்டுதான் அவளோடை கதைச்சனான், நீங்கள் லோஞ்சாலை வாறதுக்குள்ளை இறங்கிப்போடுவன், இப்ப ஏறேலாது, கல்லு அங்கை கிடக்கு, நான் இஞ்சை கிடக்கிறன் என்று. அன்னமுத்து வீதியால் சுற்றி முன்வாசலால் வந்திருக்கலாமே என்றேன். புருசன்மார் முகம் பாராத வீட்டுக்கு முன்வாசலாலை எப்பிடி வாறது, உங்களுக்கென்ன விசரே என்றாள். அது விசர், பைத்தியம் என்றே வைத்துக்கொள், இரண்டு மாதத்தில் அவள் என்னை ஏசின முதல் நாள் அது, எனக்குக் கண்ணால் தண்ணி வந்துவிட்டது.

நான் சேட்டைக் கழற்றிவிட்டு வேலியடிக்குப் போனேன். அடைத்தவன் நான், பிரிக்கவேண்டியதும் நான்தானே. ஒவ்வொரு கல்லாய் இறக்கி மூன்றடிக்குக் கயிறு பிடித்துப் பிரித்துக்கொண்டு போனேன், உன் படத்தில் கதவுக்குச் சொன்ன அளவு. பாதி வேலியில் நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பக்கத்தில் இராயப்பு. குசினி வாசலில் நின்ற தள்ளுகதிரையைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், பிறகு, மூண்டடி காணாது, சில்லுத் திரும்ப நாலடி வேணும் என்றான். அவன் சொன்னது சரி, அது எனக்கு இன்னும் எரிச்சல். நாலாவது அடியை அவன் பிரித்தான். மத்தியானம் வரைக்கும் இரண்டு பேரும் கல்லுத் தூக்கினோம். சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைக்காதே, வேலையைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறோம். தென்னம்பிள்ளைக் கதையை அவனும் எடுக்கவில்லை, நானும் மறக்கவில்லை. மாடு வராமல் ஒரு படலை செய்து போட்டேன், கொக்கியைக் கொம்மா இருந்தபடி வலது கையால் தட்டுகிற உயரத்தில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்திலையும் ஒரு கொக்கி பூட்டுங்கோ, அவளும் என்னைக் கேட்டுக்கொண்டோ திறக்கிறது என்றாள். பூட்டினேன்.

இந்தமுறை எல்லாவற்றையும் அவளைக் கேட்டுத்தான் செய்தேன். கட்டில் ஹோலிலிருந்து குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போய்விட்டது. பின்கதவுக்குச் சரிவு போட்டாயிற்று, மினுக்கவில்லை, பூச்சு ஈரமாய் இருக்கும்போதே விளக்குமாற்றால் கீறிவிட்டேன், சில்லு வழுக்காது. குசினி நிலத்திலிருந்து வேலிவரைக்கும் தட்டைக்கல்லுப் பதித்துச் சுண்ணாம்பால் பூசினேன். கீழே இருந்த அடுப்பை உடைத்து, மேசைபோலக் கட்டி மேலே வைத்தேன், கதிரை அடியில் போகும், அவளுடைய முழங்கால் இடிக்காது. திருவலையை ஒரு பலகையில் அறைந்து அடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தேன், ஒரு கையாலேயே தேங்காய் திருவுகிறாள், பாதி நிலத்தில் விழுகிறது, கோழிக்குக் கொண்டாட்டம். கக்கூசுக்குப் போகிற வழிக்கு லோஞ்சுக் கயிறு இழுத்துக் கட்டி மூன்றடிக்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறேன், பிடித்துக்கொண்டு நின்று பழகுகிறாள். போன கிழமை ஏழு முடிச்சு வரைக்கும் போனாள்.

அன்னமுத்து முதல்நாள் படலையைத் திறந்துகொண்டு வந்து கொம்மாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். கொம்மா அவளைத் தள்ளிவிட்டு, செத்தவீடே இது, உலை கொதிக்குது, அரிசியைப் போடடி என்றாள். அன்று மத்தியானம் சூடைமீன் குழம்பும் சோறும் இரண்டு தரம் வாங்கித் தின்றாள். புளி காணாது என்று என்னைத்தான் ஏசினாள், சமைத்தது அன்னமுத்து. முத்திரை ஒட்டின கடிதத்தை எடுத்து அந்த அடுப்புக்குள் வைத்தேன்.

ஆகவே மகளே, கன்னியாஸ்திரிமாருக்கு நன்றி சொல்லி, அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி எழுது. கொம்மா எங்கேயும் வரமாட்டாள். நாளைக்கு எனக்கு ஏதும் ஆனால் என்ன செய்வது என்று நீ கேட்பாய், நானும் அதை யோசிக்காமல் இல்லை, அதற்கும்தான் அந்தப் பக்கத்தில் கொக்கி இருக்கிறது. உன் படத்தில் பிழை ஒன்றும் இல்லை. படிக்கட்டுக்கும் கதவுக்கும் நீ அளவு சொன்னாய், வேலிக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அடைத்தது உனக்குத் தெரியாது. வீட்டில் அவளுக்குத் தடையாய் இருந்தவற்றில் பெரியது நான் கட்டினது, அதை உனக்கு மறைத்து வைத்துக்கொண்டு உன்னிடம் அளவு கேட்டேன். அதற்கு மன்னித்துக்கொள்.

முன்பக்கத்துச் சிவப்புச் சரிவில் இப்போது பனங்கிழங்கு ஒடியல் காய்கிறது. அன்னமுத்துவும் கொம்மாவும் பாதிப் பாதியாகப் பிரித்துக் காயப்போட்டிருக்கிறார்கள், தீர்த்தம் தெளித்த ஒடியல் என்று ஊர் சிரிக்கிறது. உனக்கும் ஒரு பொதி அனுப்பச் சொல்லியிருக்கிறாள். இரண்டு வரியானாலும் மாதத்துக்கு ஒருதரம் கொம்மாவின் பெயருக்குத் தனியாக எழுது, அன்னமுத்துவுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். பெரிய வெள்ளிக்கு உபவாசம் என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வேலைக்கு நிற்காதே. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நான் இதை எழுதும்போது கொம்மா தன் வலது கையால் காற்றில் உனக்குச் சிலுவை அடையாளம் போட்டாள், பெற்றுக்கொள்.

ஒன்றை மறந்துவிடாதே. விடுமுறை கிடைத்து நீ வருகிற நாளில் முன்பக்கத்தால் வராதே, அது வழுக்கும். இராயப்பு வளவால் சுற்றிப் பின்படலைக்கு வா. கொக்கியில் கை வைக்கமுன் ஒரு குரல் கொடு, கொம்மா தானே திறக்கவேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பு
ம. யாகப்பு