கன்னத்தில் ஒரு கோடு

என்னங்க,

அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தை வண்ணக் கண்ணாடியில் செய்து முடித்துவிட்டேன். நீங்கள் மேசையில் ஓங்கிக் குத்தியபோது, ஓவியப் பெண்ணின் கன்னம் விரிசல் விட்டதல்லவா? நம் வழக்கப்படி அதன்மேல், கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டையை வைத்து, வரைபடத்திலேயே இருந்த கோடு மாதிரி மறைத்தேன்.

வாங்க வந்தவர் உற்றுப் பார்த்தார். “அசல் படத்துல கன்னத்துல கோடு இல்லையேம்மா?”

“கண்ணாடின்னா அப்படித்தான் சார்” என்று சொல்ல வாயெடுத்தேன். என் முகத்துக் காயத்துக்கு, மாடியே இல்லாத வீட்டில் மாடிப்படியில் விழுந்ததாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

இந்த முறை மறைக்காமல் பட்டையைப் பிரித்தேன். புதுக் கன்னம் வெட்டிப் பொருத்தினேன்.

கண்ணாடி வெட்டும் உங்கள் கட்டர் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். குத்துவதற்கு வேறு மேசை பாருங்கள். பட்டறைக்கும் வீட்டுக்கும் பூட்டை மாற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி