இரண்டு தொலைநோக்கிகளுக்கு ஓர் இரும்புப் பட்டை

ராபர்ட்சன்பேட்டை லேத் பட்டறையில் இன்று காலை அலுமினியப் பட்டை ஒன்றில் எனக்காகத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். சூடேறிய கட்டிங் ஆயிலின் வாடை மூக்கில் ஏறியதும் எப்போதும் அதே வாடை அடிக்கும் உன் சட்டை ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஒரே தொலைநோக்கியை வைத்துக்கொண்டு நாம் போட்ட சண்டை கொஞ்சமா? நீ சனிக் கிரகத்தைப் பிடித்து வைத்துக் கூப்பிடுவாய். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் குனிவதற்குள் அது நகர்ந்து போயிருக்கும். "இன்னாடா, காமிச்சா கூட பாக்கத் தெரியல" என்று ஏசுவாய். அதற்காகத்தான் நான் இன்னொன்று வாங்கினேன். தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்டில் குறுக்கே ஒரு பட்டையைப் பூட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நேரத்தில் ஆளுக்கொன்றில் பார்க்கலாம் என்றது உன் யோசனை. நல்ல யோசனைதான்.

குறையெல்லாம் அந்தப் பட்டையில். அலுமினியம் போதும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாயா? உன் அப்பா மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் கேஜ் கயிற்றைச் சோதித்தவர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கயிறு, அவர்கள் எடையைப் போலப் பல மடங்கு தாங்க வேண்டும். அந்தக் கணக்கை நீ துணிக்கொடிக்கும் போட்டாய், சாமி படம் மாட்டும் ஆணிக்கும் போட்டாய். "ஆளு தொங்கினாலும் தாங்கணும்டா" என்று தடித்த இரும்பில் பட்டை அறுத்து வந்தாய். அதில் எந்த ஆளடா தொங்கப் போகிறான்?

"ஆறு மணிக்கு வா, சேந்து ஏத்தலாம்" என்றாய். நான் போண்டாப் பொட்டலத்தோடு வந்தபோது பட்டை மாடி ஏறி, மவுண்டில் பூட்டியும் ஆகிவிட்டது. நீ தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னாடா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"வயித்துல கேஸ்டா. போண்டாவ எடு."

நம்பினேன். பிறை நிலாவை முதல்முறையாக இருவரும் ஒன்றாகப் பார்த்தோம். நீ வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாய். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாய்.

உன் இதயத்தைப் பார்த்த கோலார் டாக்டர் கனம் தூக்கவே கூடாது என்று சொல்லியிருந்தது, சாவு வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. உன் மனைவி மாடிப்படியைக் காட்டி, "நீங்க தூக்கப் போறீங்கன்னு தானண்ணா சொன்னாரு?" என்று கேட்டாள். என்னிடம் கேஸ் என்றாய், அவளிடம் என் பேரைச் சொன்னாய். வந்ததே ஆத்திரம்! உன்னை எழுப்பி உட்காரவைத்து ஓர் அறை விட வேண்டும்போல் இருந்தது.

அத்தனை கனமாகப் போட்டாயே, அதுவாவது உருப்பட்டதா? அதன் பாரத்தில் மவுண்டின் பல்சக்கரம் தேய்ந்துபோய், நிலாவைப் பிடித்து நிறுத்தினால் தொலைநோக்கிகள் வழுக்கிக்கொண்டு கீழே போகின்றன. அதனால்தான் இந்த அலுமினியப் பட்டை.

இன்று சாயங்காலம் உன் வீட்டு மாடியில் பல்சக்கரத்தை மாற்றி, அலுமினியப் பட்டையைப் பூட்டினேன். கழற்றிய உன் இரும்புப் பட்டையைக் கீழே கொண்டுபோக உன் மனைவியும் ஒரு முனையைப் பிடித்தாள். இரண்டு பேர் தூக்கியே மூச்சு வாங்கியது. பாதிப் படியில் இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கீழதான இருந்தேன், சமையல் ரூம்ல. ஒரு குரல் குடுத்திருந்தா வந்து புடிச்சிருக்க மாட்டனா? இன்னாண்ணா மனுசன் இவரு!"

இத்தனை நாளாக உன்மேல் கோபப்படுவது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு அவளை மேலே அழைத்துப் போய் உன் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பக்கத்தில் நான் என்னுடையதில் பார்த்தேன்.

உன்மேல் உள்ள கோபத்தை இனி நாங்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்வோம். ஓர் ஆளைக் கூப்பிட உனக்கு வாய் வரவில்லையே, பாவி.