மிச்சம் வந்த ஆறு ஸ்பிரிங்

கனகா,

குழம்பைச் சுட வைத்துக்கொள். நான் துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

பிள்ளைகள் குதிக்க வாங்கிய டிராம்போலினை நேற்று உன் அண்ணன் அரை மணியில் மாட்டி முடித்தார். ஆறு ஸ்பிரிங் மிச்சம். "அதெல்லாம் ஸ்பேர்லா, மாப்ளே!" என்றார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் சொன்னால் சரிதானே? பெட்டியோடு வந்த செய்முறைத் தாளைப் படித்தாரா என்று கேட்டேன். "நாப்பது வயசுல எழுத்துப் படிச்சவரு கேக்க வந்துட்டாரு" என்று நீ சிரித்தாய்.

காலையில் அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அறுபது என்று போட்டிருக்கிறது. மாட்டியது ஐம்பத்துநாலு. துறைமுகத்தில் ஒரு கொக்கி குறைந்தாலும் நாங்கள் சரக்கைத் தூக்கமாட்டோம். இது பிள்ளைகள்.

டிராம்போலினைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். சாயங்காலம் வந்து நானே மாட்டுகிறேன். அதுவரை உன் அண்ணன் குதிக்கட்டும், தரையில்.

இன்னொன்று: சின்னவள் மேகலா அழுவாள். அழட்டும். வாய் நிறையப் பல்லோடு அழட்டும்.