சீனி போடாத தேத்தண்ணி

கார்ல்ஸ்ரூஹே,
திங்கட்கிழமை

அம்மாவுக்கு,

உங்களுக்குச் சலரோகம் இல்லை, சீனி வருத்தம் எதுவும் இல்லை. அக்காவின் மாப்பிள்ளை உதய் வீட்டில் தந்த தேத்தண்ணியைத் தொடாமல் வைப்பதற்காக அந்த நிமிடத்தில் பிடித்த வருத்தம் அது. திரும்பும்போது காரில் இரண்டு லட்டுச் சாப்பிட்டீர்கள். நான்தான் ஓட்டினேன். அக்காவின் கலியாணத்துக்கு வராமலிருக்க நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க முடியவில்லை என்றீர்கள். அதுவும் பொய். அவர்கள் என்ன சாதி என்று யாழ்ப்பாணத்துக்குப் போன் அடித்து விசாரித்த அன்றே உங்கள் வருத்தமெல்லாம் தொடங்கிவிட்டது.

நீங்கள் போனை எடுப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன். நான் எடுத்த படங்களும் உள்ளே இருக்கின்றன.

தேவாலயத்தில் பிளாஷ் கூடாது, பீடத்துக்குக் கிட்ட வரவும் கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். எங்கள் கலியாணங்களில் படம் பிடிப்பவர்கள் ஐயரையே விலக்கிவிட்டு, தாலியை இன்னொரு தரம் கட்டச் சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு தூணும் யன்னல் வெளிச்சமும்தான். போதுமாயிருந்தது. அப்பா உயிரோடு இல்லை, நீங்கள் வரவில்லை. கம்சனா அக்கா தனியாகவே நடந்து வந்தாள். தலை குனியவில்லை. முதலாவது படத்தைப் பாருங்கள். இதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை.

விருந்து வயல்களுக்கு நடுவே, பழைய பிரபு ஒருவரின் மாளிகையில். ஒருவரும் போகக்கூடாது என்று நீங்கள் சொல்லிவைத்த பீலெஃபெல்ட் சொந்தக்காரர்கள் பாதிக்கு மேல் வந்திருந்தார்கள். வடிவாக, வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். நான் கமெராவைத் தூக்கினால் மட்டும் முதுகைக் காட்டினார்கள். பிள்ளை, என்னை எடுத்துப் போடாதை, கொம்மா கண்டால் என்னோட கதைக்கமாட்டா என்று ரஞ்சினி மாமி சாப்பாட்டுக் கோப்பையால் முகத்தை மறைத்தார். உதயின் ஆட்கள் மணமக்களோடு படமெடுத்து முடிந்ததும், எங்கள் பக்கத்தார் ஒருவரும் ஏறாததால் மேடை வெறுமையாகிவிட்டது. அக்கா சிரித்தபடியே நின்றாள்.

அப்போது உங்கள் அண்ணன் எழும்பினார். ஒளிச்சு நிண்டு தின்ன நாங்கள் என்ன கள்ளரோ, வாங்கோ எல்லாரும் என்று மண்டபம் அதிரக் கத்தினார் மகேந்திரராஜா மாமா. மேடையேறி உதயின் தகப்பனைத் தோளோடு அணைத்துக்கொண்டு, எடு பிள்ளை, பெரிசாப் பிறின்ற் போட்டுத் தங்கச்சிக்கு அனுப்பு என்றார். அனுப்பியிருக்கிறேன். பிறகு வரிசை வாசல்வரை போனது. ரஞ்சினி மாமி லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு இரண்டு தரம் வந்தார்.

சனம் என்ன சொல்லும் என்று கேட்டீர்களே. சனம் இதுதான். ஒவ்வொரு முகமாகப் பாருங்கள்.

புறப்படும்போது உதயின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, சலரோகம் எண்டவா, சீனி போடாமல் ஊத்துறன், பாலும் குறைக்கட்டோ என்று கேட்டார். அவர் உங்களை நம்பிவிட்டார், அம்மா. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா சந்தோசமாக இருக்கிறாள். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உண்மையான உடம்பை. ஞாயிறு காலை காரோடு உங்கள் வாசலில் நிற்பேன். அதற்கு முன் அந்த மனிசிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். சீனி போடச் சொல்லவா, வேண்டாமா? சொல்லுங்கள்.

உங்கள் இளைய மகள்,
சாரங்கா